ஒரே கோப்பில் இரண்டு கர்சர்கள்

அலுவலக அறிக்கை ஒன்றை நான்கு பேர் ஒரே நேரத்தில் திறந்துவைத்துத் திருத்துவது இன்று யாரையும் வியக்கவைப்பதில்லை. அந்த வசதியை உலகத்துக்குச் செய்துகொடுத்த நிரலாளர்களோ தங்கள் நிரலை அப்படி எழுதுவது அரிது. நிரலெழுதும் எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோடில், சேர்ந்து எழுத லைவ் ஷேர் இருக்கிறது. ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் எடிட்டர்களுக்கு அதே வேலைக்காக 2021இல் கோட் வித் மீ வந்தது. ஸெட் என்ற எடிட்டர் கூடி எழுதுவதையே தன் பிறப்பின் நோக்கமாக அறிவித்துக்கொண்டு வந்தது. இவ்வளவு இருந்தும் ஒரு நிரலாளரின் நாள், தனியாக ஒரு கிளையில் (நிரலின் தனிப்படியில்) எழுதி, கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து), மறுபார்வைக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை வேறொரு வேலையைக் கையில் எடுப்பதிலேயே கழிகிறது. சென்னையில் இருந்துகொண்டு ஜெர்மனியிலும் கலிபோர்னியாவிலும் உள்ளவர்களோடு ஒரே நிரல்தொகுப்பில் வேலை செய்கிறவன் என்ற முறையில், இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவதற்கான காரணம் மற்றவர்களைவிட எனக்கு அதிகம். நானும் அவற்றில் எழுதுவதைவிடப் பார்ப்பதற்கே அவற்றைத் திறக்கிறேன் என்பதைக் கவனித்த பிறகுதான் இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டினாலும் பிரதி சிதையாமல் காப்பது எப்படி என்ற கணக்கை இத்துறை நாற்பது ஆண்டுகளாகப் போட்டுப் போட்டு அழகாகத் தீர்த்துவிட்டது. ஆனால் நிரலாளருக்கு இவற்றால் கிடைத்த பெரும் பயன், இருவரும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்க்க முடிவதுதான் என்பது என் எண்ணம்.

இந்த ஆசை கணினித்துறையில் மிகப் பழையது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாடு ஒன்றில், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் எங்கெல்பார்ட் தம் குழு உருவாக்கிய என்.எல்.எஸ். என்ற அமைப்பை ஒன்றரை மணிநேரம் செய்து காட்டினார். மவுஸ், இணைப்புகளால் கோத்த பக்கங்கள் ஆகியவற்றைப் பலர் முதன்முதலாகக் கண்ட நிகழ்ச்சி அது. அதன் பிற்பகுதியில், ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் உட்கார்ந்திருந்த பில் பாக்ஸ்டனின் முகம் திரையின் ஒரு மூலையில் தெரிய, இருவரும் ஒரே பிரதியைப் பார்த்தபடி ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரே திரையில் இருவரின் சுட்டிகளும் நகர்ந்தன. இன்று ஒரு நிரலாளர் எடிட்டரைப் பகிர்ந்துவிட்டு ஒலியழைப்பையும் திறந்துவைத்துக்கொண்டு செய்வதற்கும் அதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. முகம், குரல், பொதுவான பிரதி, இருவரின் சுட்டி என்ற நான்கும் அன்றே சேர்ந்துவிட்டன.

அதற்குப் பிறகு நெடுங்காலம் நிரலாளர்கள் எளிய வழியிலேயே கூடி வேலை செய்தார்கள். யூனிக்ஸ் கணினியில் இருவர் ஒரே டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையை) பார்க்க, 1987இல் வந்த ஸ்கிரீன் என்ற நிரல் போதுமானதாக இருந்தது. 2007இல் வந்த டிமக்ஸ் அதையே செப்பமாகச் செய்தது. இவற்றில் கணித நுட்பம் எதுவும் தேவையில்லை. எடிட்டர் ஓடுவது ஒரே கணினியில், கர்சர் ஒன்றுதான், யார் தட்டினாலும் எழுத்து அந்த ஒரு கர்சரின் இடத்தில்தான் விழும். இருவரும் ஒன்றாகத் தட்டினால் குழப்பம் வரும் என்பதால் யாரும் அப்படிச் செய்வதில்லை. ‘நீங்கள் எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார்கள். விம், ஈமாக்ஸ் என்ற எடிட்டர்களில் பழக்கமுள்ள பழைய தலைமுறை நிரலாளர்கள் இன்றும் இதைத்தான் விரும்புகிறார்கள் என்பதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தொலைதூரத்தில் மட்டும் இந்த வழி நோகடிக்கும். தட்டிய எழுத்து எதிர்முனைக் கணினிக்குப் போய்த் திரும்பி வந்த பிறகே உங்கள் திரையில் தோன்றும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேர்க்கோட்டில் இழை போட்டிருந்தால்கூட ஒரு எழுத்து போய்வர 140 மில்லிநொடியாவது ஆகும். உண்மையான வழித்தடங்கள் அதைவிட நீளமானவை. விரல் முந்திக்கொண்டு போக, எழுத்து பின்னால் வந்து சேரும் அந்த எரிச்சல், தொலைதூரச் சர்வரில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

ஒளியின் வேகத்தை மாற்ற முடியாததால்தான் கணக்கு தேவைப்பட்டது. தட்டிய எழுத்து உடனே உங்கள் திரையில் தோன்ற வேண்டுமென்றால், பிரதியின் படி ஒன்று உங்கள் கணினியிலேயே இருக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவரிடமும் ஒரு படி இருக்கும். இரண்டும் சிறிது நேரம் வேறுபட்டுப் பின்னர் ஒன்றாக வேண்டும். ஒருவர் ஒரு கோப்பின் 5ஆம் இடத்தில் மூன்று எழுத்துகளைச் செருகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே கணத்தில் மற்றவர் 10ஆம் இடத்தில் உள்ள எழுத்தை அழிக்கிறார். அழிக்கும் கட்டளை முதலாமவரிடம் வந்து சேரும்போது அவருடைய படியில் அந்த எழுத்து 13ஆம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் தவறான எழுத்து போய்விடும். ஆகவே வந்த கட்டளையில் உள்ள 10 என்ற எண்ணை 13 என்று மாற்றிய பிறகே செயல்படுத்த வேண்டும். இந்த எண்ணத்தை 1989இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இருவர் குரோவ் என்ற எடிட்டரை முன்வைத்து எழுதிய ஆய்வுக்கட்டுரையில் முறைப்படுத்தினார்கள். ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன், சுருக்கமாக ஓ.டி., என்று அது வழங்கப்படுகிறது.

கேட்கும்போது சின்னக் கூட்டல் கழித்தலாகத் தோன்றும் இந்த விஷயம் அறிஞர்களையே நெடுநாள் ஏமாற்றியது. எல்லிஸும் கிப்ஸும் தந்த முறையிலேயே ஓட்டை இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு செயலும் மறுபக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு செயல்களும் நிகழும் சில சூழல்களில் இரு படிகளும் ஒன்றுசேராமல் போய்விடும் என்பது 1990களின் நடுவில் தெரியவந்தது. அதைத் திருத்த வந்த முறைகளிலும் சில பிழையானவை என்பதை, 2003இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் தேற்றங்களைச் சோதிக்கும் மென்பொருள் ஒன்றின் துணையோடு எதிர்க்காட்டுகள் தந்து நிறுவினார்கள். மூன்று பேர் சர்வர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும்போது செயல்கள் வந்துசேரக்கூடிய வரிசைகள் பெருகி, மனத்தால் சரிபார்க்க முடியாத அளவுக்குப் போய்விடுகின்றன என்பதே இதற்குக் காரணம். செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1995இல் உருவான ஜூபிட்டர் அமைப்பு இதற்கு நடைமுறை வழி ஒன்றைக் காட்டியது: எல்லாரும் நடுவில் உள்ள சர்வரோடு மட்டும் பேசட்டும், வரிசையைச் சர்வர் முடிவு செய்யட்டும். அப்படிச் செய்தால் எந்தச் சிக்கலும் இருவருக்கு இடையிலான சிக்கலாகச் சுருங்கிவிடும். பின்னாளில் கூகுள் வேவ் என்ற கூட்டு எழுத்துத் தளம் இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது.

நிரலாளர்களுக்கென்றே வந்த முதல் வெற்றி 2003இல் மியூனிக்கைச் சேர்ந்த மாணவர்கள் மேக் கணினிக்காக எழுதிய ஹைட்ரா; அதுவே பின்னர் சப்எத்தாஎடிட் ஆயிற்று. ஒரே அறையில், ஒரே வலையமைப்பில் இருப்பவர்களின் கோப்புகள் தாமாகவே பட்டியலில் தோன்றும். அழுத்தினால் சேர்ந்து எழுதலாம். ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பு விருதும் அந்த ஆண்டே கிடைத்தது. ஆனால் நிரலெழுதத்தான் என்று வந்த அந்தக் கருவி பேசப்பட்டது மாநாடுகளில் பலர் கூடிக் குறிப்பெடுக்கும் இடத்தில் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2008இல் வந்த ஈத்தர்பேடும் அதே கதைதான். அதை உலாவியிலேயே திறக்கலாம், ஒவ்வொருவர் எழுத்துக்கும் ஒரு நிறம் உண்டு, காலக்கோட்டை இழுத்து எழுத்து வளர்ந்த விதத்தைத் திரும்பப் பார்க்கலாம். 2009 டிசம்பரில் கூகுள் அதை வாங்கியது; பயனர்கள் கொதித்தெழவே மூலநிரல் அதே மாதம் திறந்துவிடப்பட்டது. அந்தக் குழுவைச் சேர்த்துக்கொண்ட கூகுள் வேவையோ 2010 ஆகஸ்டில் கூகுளே நிறுத்தியது. கூட்டு எழுத்துக் கருவிகளின் வரலாறு முழுவதும் நிரலாளர்கள் கட்டுவதும், மற்றவர்கள் குடியேறுவதுமாகவே இருக்கிறது.

ஓ.டி.க்கு மாற்றாக இன்னொரு சிந்தனையும் வளர்ந்தது. இடத்தை எண்ணால் குறிப்பதால்தானே இவ்வளவு தொல்லை? ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத அடையாளம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ‘இந்த அடையாளமுள்ள எழுத்துக்குப் பின்னால் இதைச் செருகு’ என்று சொன்னால், கட்டளை எந்த வரிசையில் வந்தாலும் பொருள் மாறாது. 2006இல் நான்சி நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட வூட் என்ற முறை இந்த வழியில் சென்றது. 2011இல் மார்க் ஷப்பிரோவும் உடன் ஆய்ந்தவர்களும் இத்தகைய தரவமைப்புகளுக்குச் சி.ஆர்.டி.டி. என்ற பொதுப்பெயரையும் கணித வரையறையையும் தந்தார்கள். இதற்கு விலை உண்டு: அழித்த எழுத்தை உண்மையாக அழித்துவிட முடியாது; வேறு யாராவது அதைச் சுட்டிக்கொண்டு ஒரு கட்டளை அனுப்பியிருக்கலாம் என்பதால் அதன் நடுகல்லை அங்கேயே வைத்திருக்க வேண்டும். பத்து எழுத்துள்ள கோப்புக்குள் ஆயிரம் செத்த எழுத்துகள் புதைந்திருக்கலாம். கெவின் யான்ஸ் தொடங்கிய ஒய்ஜேஎஸ், மார்ட்டின் கிளெப்மனும் பிறரும் வளர்த்த ஆட்டோமெர்ஜ் போன்ற திறந்தமூல நூலகங்கள் இந்தச் சுமையை வெகுவாகக் குறைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. இன்று ஒரு சிறு குழு கூட்டு எடிட்டர் ஒன்றைச் சில வாரங்களில் கட்டிவிட முடிகிறதென்றால் அதற்கு இந்த நூலகங்களே காரணம்.

இவ்வளவு உழைப்பும் உறுதி செய்வது ஒன்றே ஒன்றைத்தான்: எல்லாத் திரைகளிலும் இறுதியில் ஒரே எழுத்துச்சரம் இருக்கும். அந்தச் சரம் பொருளுடையதா என்று கேட்பது இந்தக் கணக்கின் வேலை இல்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. யூனிகோடில் ‘கு’ என்பது க என்ற அகரமேறிய மெய்யும் அதன்பின் வரும் உகரக் குறியும் ஆகிய இரண்டு குறியீட்டெண்கள். பகிர்ந்த கோப்பு ஒன்றில் ‘குடை’ என்ற சொல் இருக்கிறது. அதைப் பிழை என்று கருதிய ஒருவர் உகரக் குறியை அழித்து ஊகாரக் குறி இட்டுக் ‘கூடை’ ஆக்குகிறார். அதே நொடியில் இன்னொருவர் உகரக் குறியை அழித்து ஒகரக் குறி இட்டுக் ‘கொடை’ ஆக்குகிறார். அழித்தல் இரண்டும் ஒரே குறியைத்தான் அழித்தன, அது போய்விட்டது. செருகல் இரண்டும் வெவ்வேறு. எழுத்து எழுத்தாக இணைக்கும் முறையில் இரண்டுமே பிழைத்திருக்கும். விளைவாக, க என்ற எழுத்தின்மேல் ஊகாரக் குறியும் அதற்குப் பின்னால் ஒட்ட இடமில்லாத ஒகரக் குறியும் சேர்ந்து, நடுவே புள்ளி வட்டத்தோடு, 247 எழுத்துகளில் எதிலும் சேராத ஒன்று இருவர் திரையிலும் வந்து நிற்கும். கணக்கின் பார்வையில் இது முழு வெற்றி, ஏனென்றால் இருவர் திரையிலும் ஒரே எழுத்துச்சரம்தான் இருக்கிறது.

(எண்ணும் முறையில் உள்ள சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். குறியீட்டெண்களைக் கணினியில் சேமிக்கும் முறைகளில், ஒரு தமிழ்க் குறியீட்டெண் யூ.டி.எஃப்-8இல் மூன்று பைட்; யூ.டி.எஃப்-16இல் ஒரே அலகு. எடிட்டரும், அதற்கு நிரல்மொழியின் பெயர்களையும் பிழைகளையும் சொல்லித்தரும் மொழிச் சர்வரும் பேசிக்கொள்ள 2016இல் வந்த எல்.எஸ்.பி. நெறிமுறை, 2022இன் 3.17ஆம் பதிப்பு வரை யூ.டி.எஃப்-16 அலகிலேயே இடத்தை எண்ண வேண்டும் என்றது. ஒரு பக்கம் பைட்டிலும் மறுபக்கம் அலகிலும் எண்ணினால், தமிழில் குறிப்பெழுதிய வரிகளில் மட்டும் எதிர்முனையாரின் கர்சர் எங்கோ தள்ளி நிற்கும். ஆங்கிலம் மட்டுமே உள்ள கோப்பில் இந்த வழு ஒருநாளும் வெளிப்படாது என்பதால் அது நெடுநாள் வாழ்கிறது.)

நிரலில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் கூர்மையாகிறது. கட்டுரை ஒன்றின் மூன்றாம் பத்தி பாதியில் நின்றாலும் முதல் பத்தியைப் படிக்கலாம். நிரலிலோ திறந்த அடைப்புக்குறி ஒன்று மூடப்படாமல் நின்றால் கோப்பு முழுவதும் கம்பைல் ஆகாது, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாறாது. நான் ஒரு செயற்கூற்றை (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியை) பாதி எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும், அதே கோப்பின் வேறொரு மூலையில் எழுதும் நண்பரின் திரையில் சிவப்புக் கோடுகள் தோன்றி மறைகின்றன. அவர் தம் பகுதியைச் சோதித்துப் பார்க்க நினைக்கும்போது என் அரைகுறை வரியால் சோதனை ஓடுவதில்லை. நான் ஒரு மாறியின் பெயரை எங்கும் மாற்றிக்கொண்டிருக்கும் கணத்தில் அவர் பழைய பெயரைக் கொண்டு புதிய வரி ஒன்றை எழுதியிருப்பார். எழுத்துகள் பழுதின்றி இணைந்துவிடும், நிரல் உடைந்துவிடும். நிரலின் பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் கருவியில் இருவரின் கிளைகளை இணைக்கும்போதும் இதே விபத்து நேரும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தம் கிளையை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே மற்றவரிடம் காட்டுகிறார்கள். நிரலாளருக்குத் தனிமை தேவைப்படுவது கூச்சத்தால் மட்டும் இல்லை. அரைகுறையாக இருக்கும் நேரத்தில் அதை யாரும் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகவும்தான். புள்ளி வைத்து முடித்த பிறகு ஒரு கோலத்தை இரண்டு பேர் இரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டு வரலாம். புள்ளியை ஒரு கைதான் வைக்க வேண்டும். செயற்கூறுகளின் பெயரும் உள்ளீடும் வெளியீடும் முடிவாகிவிட்ட பின், ஒருவர் நிரலையும் மற்றவர் அதற்கான சோதனைகளையும் இரு கோப்புகளில் ஒரே நேரத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அது நன்றாகவே நடக்கிறது. அந்த முடிவுகளை எடுக்கும் கட்டத்தில் இரண்டு கர்சர்களும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்கின்றன.

செயலைத் திரும்பப் பெறுவதிலும் இந்தக் கருவிகள் இடறுகின்றன. கன்ட்ரோல் இசட் அழுத்தினால் போக வேண்டியது யாருடைய கடைசிச் செயல்? கோப்பின் கடைசிச் செயல் என்றால், நான் என் வரியைத் திருத்தப்போய் நண்பர் வேறெங்கோ எழுதியது மறைந்துவிடும். என் கடைசிச் செயல் என்றால் (இப்போதைய கருவிகளில் பெரும்பாலானவை இதைத்தான் தேர்ந்திருக்கின்றன) இன்னொரு வேடிக்கை நடக்கிறது. நான் எழுதிய பத்து வரிச் செயற்கூற்றின் நடுவில் அவர் ஒரு நிபந்தனையைச் செருகியிருக்கிறார். நான் என் பத்து வரிகளைத் திரும்பப் பெறுகிறேன். அவருடைய நிபந்தனை மட்டும் தாயில்லாப் பிள்ளையாக வெற்றிடத்தில் நிற்கிறது. தனியாக எழுதும்போது அந்த விசை நேற்றைய நிலைக்கு நம்மைப் பத்திரமாகக் கொண்டுபோகும். இருவர் எழுதும்போது நாம் இருவரும் ஒருபோதும் கண்டிராத ஒரு நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். பழகிய விசையின்மேல் உள்ள நம்பிக்கை போய்விட்டால், கை தானாகவே எழுதத் தயங்குகிறது. கூட்டு அமர்வுகளில் ஒருவர் மட்டுமே தட்டிக்கொண்டிருப்பதற்கு இது சிறிதளவாவது காரணம் என்று நினைக்கிறேன்.

2017 நவம்பரில் இரண்டு கருவிகள் ஒரே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. நிரல்தொகுப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப் நிறுவனம் தன் ஆட்டம் எடிட்டருக்காக டெலிடைப் என்ற இணைப்பை வெளியிட்டது. அது சி.ஆர்.டி.டி. வழியில், கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும்படி கட்டப்பட்டது. கோப்பைப் பகிர்வதிலேயே அதன் முழுக் கவனமும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் அறிவித்த லைவ் ஷேர் கோப்போடு நிற்கவில்லை. விருந்தினராக வருகிறவர் நிரல்தொகுப்பைத் தம் கணினிக்கு இறக்க வேண்டியதில்லை, அதற்கான மொழிக்கருவிகளை நிறுவ வேண்டியதில்லை. அழைத்தவரின் கணினியில் ஓடும் மொழிச் சர்வரே விருந்தினருக்கும் பெயர்களை நிரப்பித் தரும், வரையறைக்குத் தாவவும் வழிகாட்டும். டெர்மினலைப் பகிரலாம். அழைத்தவரின் கணினியில் மட்டும் ஓடும் சோதனைச் சர்வரை விருந்தினர் தம் உலாவியில் திறந்து பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரலை இடையில் நிறுத்திப் பிழை தேட உதவும் டீபக்கர் பகிரப்படும்: ஒருவர் வைத்த நிறுத்தப்புள்ளியில் நிரல் நிற்கும்போது இருவர் திரையிலும் நிற்கும், மாறிகளின் மதிப்பை இருவரும் தனித்தனியே விரித்துப் பார்க்கலாம். ஒருவர் போகும் கோப்புக்கெல்லாம் மற்றவரின் திரையும் தானாகவே பின்தொடரும் வசதியும் உண்டு. வேண்டாதபோது அதிலிருந்து விலகி, வேறு கோப்பைப் படித்துவிட்டுத் திரும்பி வரலாம். காணொளியழைப்பில் திரையைக் காட்டுவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்த விலகல்தான். திரைகாட்டலில் பார்ப்பவர் ‘கொஞ்சம் மேலே போங்கள், இல்லை, அதற்கும் மேலே’ என்று கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் நடந்த ஒரு வழுவேட்டை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. நேரங்களைக் கணக்கிடும் ஒரு பகுதியின் சோதனை ஜெர்மனியில் உள்ளவர்களிடம் எப்போதும் தேறும், சென்னையில் எப்போதும் தோற்கும். அங்கே இருப்பவர் என் கிளையை இறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘இங்கே சரியாகத்தான் இருக்கிறது’ என்று பலமுறை எழுதினார். நானும் பதில் எழுதினேன். மறுபார்வைப் பக்கம் நீண்டுகொண்டே போனது. பின்னர் அவரை என் எடிட்டருக்குள் விருந்தினராக அழைத்து டீபக்கரை ஓட்டினேன். உலக நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை முழு மணியாக்கும் வரியில் நிரல் நின்றது. ஐந்தரை மணி என்பது அந்த வரியைத் தாண்டியதும் ஐந்து மணியாகிவிட்டதை அவரே மாறியை விரித்துக் கண்டார். ஒன்று, இரண்டு என்று முழு மணிகளிலேயே வேறுபாடு மாறும் நாட்டில் உட்கார்ந்து எழுதிய நிரலில் அரை மணி யாருக்கும் தோன்றவில்லை. அந்த அமர்வில் இருவரும் சேர்ந்து தட்டிய எழுத்துகள் ஒரு வரிகூட இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது என் கணினியின் சூழல். அதைக் கிட் அனுப்பாது, இந்தக் கருவி காட்டியது.

இணைந்து நிரலெழுதுதல் என்ற பழக்கம் இந்த மென்பொருள்களுக்கு மூத்தது. கென்ட் பெக் 1999இல் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையை நூலாக்கியபோது, உற்பத்திக்குப் போகும் நிரல் எல்லாம் ஒரே கணினியின் முன் உட்கார்ந்த இருவரால் எழுதப்பட வேண்டும் என்றார். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் வழிகாட்டி, விசைப்பலகை ஒன்று. அதே 1999இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்து நடந்த சோதனையைப் பற்றி அலிஸ்டர் காக்பர்னும் லாரி வில்லியம்ஸும் எழுதியதில், இணையராக எழுதியவர்களுக்கு மொத்த உழைப்பு 15 சதவீத அளவு கூடியதும், அவர்கள் நிரலில் குறைகள் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்ததும் காணப்படுகின்றன. மாணவர் சோதனையின் எண்களை ஒரு நிறுவனத்தின் மேல் அப்படியே போர்த்த எனக்கு விருப்பமில்லை. எனினும் அந்தச் சோதனையில் ஒரே கர்சர்தான் இருந்தது என்பதைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கர்சர்கள் வந்த பிறகு ஓட்டுநர், வழிகாட்டி என்ற பிரிவே கரைந்துவிடுகிறது. இருவரும் ஓட்டத் தொடங்கினால் வழியை யாரும் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு நிரலைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் வேண்டுமென்றே தட்டுவதை நிறுத்திவிடுகிறேன். கர்சரை வரியின்மேல் வைத்துக் காட்டுவதோடு சரி. மூத்தவரின் கர்சர் ஓடத் தொடங்கிய கணமே இளையவரின் கை நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்தாயிற்று.

நேர்காணல்களில் இந்தக் கருவிகள் பெற்றிருக்கும் இடத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தேர்வாளர் ஒவ்வொரு எழுத்தழிப்பையும் பார்க்கிறார் என்ற உணர்வோடு எழுதும் நிரல், அந்த மனிதர் நாளை எழுதப்போகும் நிரலைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். அதை விடுத்து, ஓடாத நிரல் ஒன்றைப் பகிர்ந்து ‘இதில் என்ன கோளாறு என்று சேர்ந்து தேடலாம் வாருங்கள்’ என்று அழைத்தால் அதே கருவி நன்கு பயன்படுகிறது.

நேரம் ஒரு கறாரான எல்லை. உடனுக்குடன் என்ற சொல்லுக்கு இருவரும் விழித்திருக்க வேண்டும் என்று பொருள். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணிநேரமும் குளிரில் நாலரை மணிநேரமும் வித்தியாசம் என்பதால் நம் பிற்பகல் முழுவதும் பொதுவாகக் கிடைக்கிறது. கலிபோர்னியாவுக்குப் பன்னிரண்டரையோ பதின்மூன்றரையோ மணிநேரம். அங்கே எந்தக் கூட்டு எடிட்டரும் ஒருவரின் தூக்கத்தைப் பலிகொடுத்தே திறக்கும், அந்த ஒருவர் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் இருப்பவர். அந்தக் குழுவோடு நாங்கள் எழுதி வைப்பதையும் கமிட்டையும் நம்பியே வாழ்கிறோம், அதில் குறையொன்றும் தெரியவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. டெர்மினலை எழுதும் உரிமையோடு பகிர்வது நம் கணினியின் சாவியையே கொடுப்பதுதான். கடவுச்சொற்கள் உள்ள அமைப்புக் கோப்புகளும் அதே நிரல்தொகுப்பில்தான் கிடக்கும். படிக்க மட்டும் என்ற நிலையில் டெர்மினலைப் பகிர்வதும், விருந்தினர் கண்ணுக்குத் தெரியக்கூடாத கோப்புகளை முன்கூட்டியே விலக்கிவைப்பதும் லைவ் ஷேரில் உள்ள வசதிகள். அவசரத்தில் அழைப்பு அனுப்பும்போது இவை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்பதால், அமைதியான நாளில் செய்து வைத்துவிட வேண்டும்.

ஆட்டம் எடிட்டரை கிட்ஹப் 2022 டிசம்பரில் மூடிவிட்டது. அதை உருவாக்கியவர்களில் நேதன் சோபோ முதலானோர் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய ஸெட், 2024 ஜனவரியில் திறந்தமூலமாயிற்று. அதன் ஒவ்வொரு கோப்பும் உள்ளுக்குள் சி.ஆர்.டி.டி.யாகவே இருக்கிறது, ஒலியழைப்பும் எடிட்டருக்குள்ளேயே வந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தக் கணிதத்துக்கு எதிர்பாராத வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்திருக்கிறார்: நாம் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே கோப்பைத் திருத்தும் செயற்கை நுண்ணறிவு முகவர். மனிதர் இருவர் அரிதாகவே செய்த வேலையை, அதாவது ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதுவதை, மனிதரும் நிரலும் நாள்தோறும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். மேலே சொன்ன அரைகுறை வரிகளின் தொல்லையும், திரும்பப் பெறும் விசையின் குழப்பமும் இப்போது அந்த வழியாக எல்லா நிரலாளரின் மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. கூட்டு எடிட்டரைத் திறந்தே பாராதவர்களும் இனி அவற்றைத் தவிர்க்க முடியாது.

அமர்வு முடிந்தபின் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் எனக்கு இன்னும் குறை இருக்கிறது. கிட் கமிட்டில் எழுதியவர் என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். செய்தியின் கடைசியில் ‘கோ-ஆதர்ட்-பை’ என்று தொடங்கும் வரியைச் சேர்த்தால் உடன் எழுதியவரின் பெயரையும் காட்ட கிட்ஹப் 2018 ஜனவரியில் ஏற்பாடு செய்தது. பலரும் அதைச் சேர்ப்பதில்லை. ஒரு மணிநேரப் பேச்சில் தள்ளப்பட்ட வழிகள், தள்ளியதற்கான காரணங்கள் எல்லாம் அழைப்பைத் துண்டித்ததும் போய்விடும்; எழுத்து மூலமான மறுபார்வையிலோ அவை தேடினால் கிடைக்கும் இடத்தில் இருக்கும். இதை ஓரளவு ஈடுகட்ட எங்கள் குழுவில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம்: அமர்வு முடிந்ததும் கமிட் செய்தியை விருந்தினராக வந்தவர்தான் எழுத வேண்டும், அழைத்தவர் எழுதக் கூடாது. என்ன மாறியது, ஏன் மாறியது, எந்த வழியை ஏன் விட்டோம் என்பதை அவர் தம் சொற்களில் எழுதுகிறார். அவரால் எழுத முடியாத இடம் வந்தால் அமர்வை மறுபடி திறந்து அந்த வரியிலிருந்து தொடர்கிறோம்.